காலை இழுப்பது காலை வாருவதாகாது: ஆங்கில மரபுத்தொடர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் அஸ்தம்பட்டியில் மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்தும் எனக்கு, மரபுத்தொடர்களில் மாணவர்கள் செய்யும் பிழைகளைத் திருத்துவதே பாதி வேலையாக இருக்கிறது. முற்றிலும் புதிய தொடர் எதிர்ப்பட்டால் அவர்கள் அகராதியைப் புரட்டிவிடுகிறார்கள். நம் தமிழ்த் தொடரைப் போலவே தோன்றுவதற்குத்தான் பார்க்காமலே பொருள் கொண்டுவிடுகிறார்கள்.

ஏற்காட்டில் ஒரு விடுதியில் வேலைக்குச் சேர்ந்த மாணவர் ஒருவரிடம், வெளிநாட்டு விருந்தினர் ஒருவர், மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாம் ஓடியே ஏறி வந்ததாகக் கூறிவிட்டு, ‘ஐ ஆம் ஜஸ்ட் புல்லிங் யுவர் லெக்’ என்று சிரித்திருக்கிறார். அவர் தம் காலை வாரப் பார்க்கிறார், மேலாளரிடம் ஏதோ புகார் சொல்லப் போகிறார் என்று அஞ்சிய மாணவர், அன்று முழுவதும் அந்த அறைப் பக்கமே போகவில்லை. நம்பியவரைக் கவிழ்ப்பதை நாம் காலை வாருதல் என்கிறோம். ஆங்கிலத் தொடருக்கோ, இல்லாததை இருப்பதுபோலச் சொல்லி விளையாட்டாகச் சீண்டுதல் என்பதே பொருள். அந்தப் பிள்ளை வீணாகப் பட்ட வேதனையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

கைகழுவுதல், மூக்கை நுழைத்தல் ஆகியவை இரு மொழிகளிலும் ஏறத்தாழ ஒரே பொருளில் வழங்குவதால், மற்றவையும் அப்படித்தான் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. ‘கிவ் ஹிம் எ ஹேண்ட்’ என்றால் பெரும்பாலும் உதவி செய் என்று பொருள். நடுவில் ‘பிக்’ என்ற சொல் சேர்ந்தால் பலமாகக் கைதட்டு என்றாகிவிடும். வயிற்றில் பட்டாம்பூச்சி பறப்பதாகச் சொல்லும் ஆங்கிலத் தொடரை வயிற்றில் புளியைக் கரைப்பதாகவே பலர் எழுதுகிறார்கள். முன்னது மேடை ஏறும்முன், நேர்காணலுக்கு முன் தோன்றும் படபடப்பு. மலைப்பாதையில் விபத்து என்ற செய்தி கேட்டு நடுங்குபவருக்கு அது பொருந்தாது.

பொருள் தெரிந்தாலும் இடம் தெரியவேண்டும். ‘கிக் த பக்கெட்’ என்றால் இறத்தல் என்று மனப்பாடம் செய்த ஒருவர், நண்பரின் தந்தை மறைவுக்கு அனுப்பிய இரங்கல் செய்தியில் அதையே எழுதிவிட்டார். ‘மண்டையைப் போட்டார்’ என்று நாம் துக்க வீட்டில் சொல்வோமா? அங்கே ‘பாஸ்ட் அவே’ என்பதே தகும்.

அதற்கு நெருங்கிய ஒலியுடைய ‘பாஸ்ட் அவுட்’ மற்றொரு பொறி. பிரிட்டனில் இராணுவ, காவல் பயிற்சியை முடிப்பவர்களுக்கு வழங்கும் அத்தொடரை நாம் கல்லூரிக்கும் நீட்டிக்கொண்டோம். நம் நாட்டில் அது விளங்கும். வெளிநாட்டு நிறுவனத்துக்கு ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2021’ என்று எழுதினால், 2021இல் மயங்கி விழுந்தேன் என்று படிப்பார்கள். ‘கிராஜுவேட்டட்’ என்று எழுதுவதே நல்லது.

சேலத்து வெள்ளிக் கொலுசையோ ஜவ்வரிசியையோ அமெரிக்காவுக்கு அனுப்ப முனைபவர்கள் ‘டேபிள்’ என்ற வினைச்சொல்லில் மிகுந்த கவனம் கொள்ளவேண்டும். பிரிட்டன் வழக்கிலும் நம் வழக்கிலும் ஒன்றை விவாதத்துக்கு முன்வைத்தலை அது குறிக்க, அமெரிக்காவில் அதற்கு நேர்மாறாக, விவாதத்தைத் தள்ளிவைத்தல் என்று பொருள். விலையைப் பற்றி இன்றே பேசவேண்டுமானால், ‘லெட் அஸ் டிஸ்கஸ் த பிரைஸ் டுடே’ என்று நேராக எழுதிவிடுங்கள்.