பாலிகைக்கு விதையை விட மண் முக்கியம்

பிளாஸ்டிக் கிண்ணம் ஐந்து, பூஜைக் கடை நவதானியப் பாக்கெட் ஒன்று, மண்டபத்து வாசல் மண் நாலு பிடி. கடலூர்ப் பக்கத்தில் கல்யாணப் பாலிகை, அதாவது ஐந்து சட்டியில் தானியம் தெளித்து முளைக்கவைத்துப் பிறகு தண்ணீரில் கரைக்கும் சடங்கு, இப்போது பல இடங்களில் இவ்வளவில் முடிந்துவிடுகிறது. ஐந்தாம் நாள் கரைக்க எடுக்கும்போது முளையைக் காணோம், புளித்த வாடைதான் மிச்சம்.

பாலிகை என்பது படைப்புக் கதையைக் கையால் செய்வது. நடுச்சட்டியில் பிரம்மா, கிழக்கில் இந்திரன், தெற்கில் யமன், மேற்கில் வருணன், வடக்கில் சோமன். ஐந்து சட்டிக்குள் ஓர் உலகம். அந்தக் கதைக்கு ஒரு வரிசை உண்டு. வெள்ளத்தில் மூழ்கிய பூமியை வராகம் தூக்கி வந்து நிறுத்திய பிறகுதான் அதில் புல்லே முளைத்தது. ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகர் இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி நிற்பார், வயல் வேலையை முடித்து நிமிர்ந்த ஆள் மாதிரி. அவர் வியர்வையே கோயில் குளமான நித்திய புஷ்கரணி ஆயிற்று என்கிறது தலபுராணம். வைணவக் கோயில்களில் பிரம்மோற்சவத்துக்கு முன் பெருமாளின் படைத்தலைவரான சேனை முதலியார் புறப்பாடாகிப் போய் மண் எடுத்து வருவதும் இந்த வரிசைப்படிதான்: மண் வந்த பிறகே விதை. வீட்டில் செய்கிறவர்களோ விதையைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். கெட்டுப்போவது பெரும்பாலும் மண்ணால்.

புற்றுமண் 2 பங்கு, ஆற்று மணல் 1 பங்கு, நன்றாகக் காய்ந்து பொடித்த சாண எரு 1 பங்கு. வாய் 6 அங்குலம் உள்ள சட்டியில் 3 அங்குல உயரம் மண் வேண்டும். ஐந்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 7 லிட்டர், அரை வாளி. புற்றை இடிக்க வேண்டாம், பாம்பு இருக்கும். மழையில் கரைந்து ஓரத்தில் கிடப்பதே போதும். அது கிடைக்காவிட்டால் ஏரி வண்டலைக் காயவைத்துச் சலித்துக்கொள்ளலாம். பச்சைச் சாணம் சேர்த்தால் மக்கும்போது சூடேறி வேர் வெந்துபோகும். தேவனாம்பட்டினம் கடற்கரை மணல் பக்கத்திலேயே கிடைக்கிறது என்று அள்ளி வராதீர்கள், அது உப்பு. கரையோரத்து ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரும் அப்படியே, இலை நுனி கருகிவிடும். குடிக்கிற தண்ணீரையே தெளியுங்கள்.

கலந்த மண்ணில் தண்ணீர் தெளித்து ஒரு பிடி பிடித்துப் பாருங்கள். கையைத் திறந்ததும் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் ஈரம் அதிகம். அந்த மண்ணில் நெல் வேண்டுமானால் தப்பிக்கும், உளுந்து அழுகும்.

சட்டி மண்சட்டியாக இருக்கட்டும். அசல் பாலிகை வாய் விரிந்து, கழுத்து ஒடுங்கி, அடி பரந்து இருக்கும். வில்லியனூர் மண்பாண்டக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. புதுச்சட்டியை ஓரிரவு தண்ணீரில் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் மண்ணின் ஈரத்தையெல்லாம் சட்டியே குடித்துவிடும். அடியில் பென்சில் பருமனுக்கு ஒரு துளை, அதன் மேல் அருகம்புல் ஒரு கொத்து. அருகு வைப்பது சாஸ்திரம், மண் ஒழுகாமலும் காக்கும்.

தானியம் ஐந்து: நெல் 50 கிராம், முழு உளுந்து, பச்சைப்பயறு தலா 30, கறுப்பு எள், கடுகு தலா 10. அவித்த நெல், உடைத்த உளுந்து, தோல் நீக்கிய வெள்ளை எள் எதுவும் முளைக்காது. விதைநெல்லே வேண்டும், அதிலும் மருந்து தடவாதது. நேற்று அறுத்த நெல்லும் உதவாது, சில ரகங்கள் சில வாரம் உறங்கித்தான் முளைக்கும். ஒரு வாரம் முன்பே ஒவ்வொன்றிலும் 20 விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பாருங்கள். பயறு இரண்டு நாளிலும் நெல் நான்கு நாளிலும் பதினைந்துக்குக் குறையாமல் முளை காட்டாவிட்டால் கடையை மாற்றுங்கள்.

நெல்லை 24 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரச் சாக்கில் இன்னொரு நாள் கட்டி வைக்க வேண்டும். உளுந்தும் பயறும் 8 மணி நேரம். எள், கடுகு 2 மணி நேரம் போதும், கையில் ஒட்டாமல் இருக்கக் காய்ந்த மணலோடு பிசறிக்கொள்ளலாம். பாலில் ஊறவைப்பது வழக்கம் என்று இரவெல்லாம் பாலில் போடுகிறார்கள். அந்தப் புளித்த வாடை அங்கிருந்துதான் வருகிறது. ஊறுவது தண்ணீரில் ஊறட்டும். தெளிக்கும் நேரத்தில் பாலை விட்டுக் கலந்தால் சம்பிரதாயமும் நிற்கும், விதையும் பிழைக்கும்.

பயிர்களுக்கு அதிபதி சந்திரன், அதனால் கோயில்களில் இந்த முளையிடும் சடங்கான அங்குரார்ப்பணம் இரவில் நடக்கும். கல்யாண வீட்டில் சாஸ்திரிகள் குறிக்கிற நேரம். சுமங்கலிகள் ஒற்றைப்படையில் நிற்க, முதலில் நடுச்சட்டி, பிறகு கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு. குழந்தைகள் சுற்றி நின்றால் ஒவ்வொரு சட்டியிலும் யார், ஏன் என்று அப்போதே சொல்லிவிடுங்கள். பிரம்மா நடுவில் இருந்தாலும் மழைக்கு இந்திரனும் தண்ணீருக்கு வருணனும் இல்லாமல் அவர் சட்டி முளைக்காது என்றால் ஐந்து வயதுக்கும் புரியும். யமன் எதற்கு என்று ஒன்றாவது கேட்கும். விதை தன் உருவம் அழிந்தால்தானே முளை வரும் என்று சொல்லலாம். தவிலும் ஒலிக்கட்டும். ‘உண்மை விளக்கம்’ என்ற சைவ சித்தாந்த நூலை எழுதிய திருவதிகை மனவாசகங்கடந்தார் ‘தோற்றம் துடியதனில்’ என்றவர், அதாவது படைப்பு நடராசரின் உடுக்கைக்குள் இருக்கிறது. தவில் உடுக்கைக்குத் தூரத்துச் சொந்தம்தான்.

விதை தெளித்ததும் அரை விரற்கடை மண் தூவி, மூங்கில் கூடையால் மூடி நிழலில் வையுங்கள். காலையும் மாலையும் தண்ணீரைக் கையால் தெளித்தால் போதும், சொம்பால் ஊற்றினால் எள்ளும் கடுகும் ஓரத்தில் ஒதுங்கும். பயறு இரண்டாம் நாள் எட்டிப் பார்க்கும், கடுகும் உளுந்தும் மூன்றில், எள் நான்கில், நெல் ஐந்தை ஒட்டி. இரண்டாம் நாள் வேரைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு போலத் தெரிந்தால் பூஞ்சை என்று பயந்து கொட்டிவிடாதீர்கள். தண்ணீர் தெளித்ததும் படிந்து மறைந்தால் அது வேர்த்தூவி. விதைக்கு விதை நூலாம்படை போலப் பின்னி, வாடையும் அடித்தால்தான் பூஞ்சை. அதற்குக் கூடையை எடுத்துவிட்டு, ஒரு வேளைத் தண்ணீரை நிறுத்தி, காலை வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும்.

இருட்டில் வளர்வதால் முளை மஞ்சளாக இருக்கும், அது இயல்பு. முளை கோணினால் பெண்ணுக்கு ஆகாது என்று முணுமுணுக்கிறவர்களிடம் சட்டியின் அடித்துளையைக் காட்டுங்கள். பெரும்பாலும் அது அடைத்துக்கொண்டிருக்கும்.

கரைக்கக் கெடிலத்திலும் தென்பெண்ணையிலும் எல்லா மாதமும் தண்ணீர் ஓடுவதில்லை. தேங்கிய சாக்கடையில் கொண்டுபோய் விடுவதற்கு, வீட்டு அண்டாவில் தண்ணீர் நிரப்பிக் கரைத்துத் தென்னை அடியில் ஊற்றுவது எவ்வளவோ மேல். சட்டிகளைக் கழுவி வெயிலில் காயவைத்தால் அடுத்த கல்யாணத்துக்கு ஆகும். நெல் முளைகளை மட்டும் மண்ணோடு பெயர்த்து ஒரு தொட்டியில் வைத்து விடுங்கள், மூன்று வாரத்தில் நடுகிற நாற்றாகிவிடும்.