டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட்: கழற்றுவதும் மாட்டுவதும் மேம்படுத்துவதும்

காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினிலிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் வருகிறது, சூடேறியதும் அடங்கிவிடுகிறது. பலரும் இதை டேப்பெட் சத்தம் என்று முடிவுகட்டி வால்வு கவரைத் திறக்கிறார்கள். அதற்கு முன், சிலிண்டர்களிலிருந்து வரும் புகையை ஒன்றுசேர்த்து டர்போவுக்கு அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பாருங்கள். அது கசிந்தாலும் இதே சத்தம்தான் வரும். டர்போவுக்கு முன்பாகவே புகை கசிவதால் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) தாமதமாக ஏறும், மேட்டில் கரும்புகை தள்ளும். கேபினுக்குள் புகை நாற்றம் வந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அதில் கார்பன் மோனாக்சைடும் இருக்கிறது.

டீசலில் கசிவைக் கண்டுபிடிப்பது எளிது. வெப்பத் தகட்டைக் கழற்றி, மேனிஃபோல்டும் சிலிண்டர் ஹெட்டும் சேரும் விளிம்பில் டார்ச் அடித்தால், கசியும் இடத்திலிருந்து விசிறி போல விரிந்த கரித்தடம் தெரியும். தெரியாவிட்டால் ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை விளிம்பு நெடுக நகர்த்துங்கள். ஃபேன் பெல்ட்டிடமிருந்து கையையும் குழாயையும் விலக்கியே வைத்திருங்கள்.

ஏன் எப்போதும் ஓரத்து ஸ்டட்டே முறிகிறது?

ஸ்டட்டு என்பது மேனிஃபோல்டை ஹெட்டோடு பிணைக்கும் தலையில்லாத மரைக்கம்பி; அதன்மேல்தான் நட்டு இறுகும். ஓரத்தில் இருப்பது ஏன் முறிகிறது என்று புரியாமல் ஸ்பேனரைத் தொட வேண்டாம். அரை மீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் 600 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளும். அது மாட்டியிருக்கும் ஹெட்டோ, கூலன்ட் ஓடுவதால், அவ்வளவு சூடேறுவதில்லை. அது அலுமினியமாகவே இருந்தாலும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கே நீளும். மிச்ச நீளம் எங்கே போகும்? நடுவிலிருந்து இரு ஓரங்களையும் நோக்கித் தள்ளும். அதனால்தான் பல மேனிஃபோல்டுகளில் ஓரத்துத் துளைகளைப் பெரிதாகவோ நீள்வட்டமாகவோ வைக்கிறார்கள். மேனிஃபோல்ட், ஹெட்டுக்கும் தனக்கும் நடுவில் வைக்கும் அடைப்புத் தகடான கேஸ்கெட்டின் மேல் வழுக்கி நகர வேண்டும். கசிகிறதே என்று நட்டை மேலும் மேலும் இறுக்கினால் அந்த நகர்வு தடைபட்டு, ஸ்டட்டுதான் முறியும்.

லேண்ட் ரோவரின் டிடி5 எஞ்சின் இதற்கு நல்ல உதாரணம். அதில் மேனிஃபோல்ட் வளைந்து ஓரத்து ஸ்டட்டுகளை இழுத்து முறிப்பது எல்லோரும் அறிந்த சங்கதி. வழக்கமான வைத்தியம், ஹெட்டோடு சேரும் முகத்தைச் சீவி மட்டமாக்குவதோடு, போர்ட்டுகளுக்கு (புகை நுழையும் வாய்களுக்கு) நடுவிலுள்ள இணைப்புப் பட்டைகளை அறுத்துவிடுவது. இறுக்கத்தைக் கூட்டி அல்ல, நகர இடம் கொடுத்தே அங்கே சிக்கல் தீர்கிறது.

கழற்றுதல்

முதல் நாளே ஒவ்வொரு நட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். பல்நோக்கு ஸ்பிரே போதாது. துருவுக்கென்றே விற்கும் எண்ணெயை வாங்குங்கள். எஞ்சினை ஒருமுறை ஓட்டிச் சூடாக்கி, நன்றாக ஆறவிட்டு, மறுபடி விடுங்கள். சாக்கெட் ஆறு முனை உடையதாக இருக்கட்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த நட்டின் மூலைகளை மழுக்கிவிடும். இந்த வேலைக்கு அதை நான் பெட்டியிலிருந்தே எடுப்பதில்லை.

பேட்டரி, வெப்பத் தகடு, இஜிஆர் குழாய் (புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் விடுவது), டர்போவின் எண்ணெய், கூலன்ட் குழாய்கள் எல்லாவற்றையும் கழற்றியதும் திறந்த வாய்களை உடனே அடைத்துவிடுங்கள். ஒரு சின்ன வாஷர் டர்பைனுக்குள் விழுந்தாலும் டர்போ போய்விடும். பிறகு ஓரத்து நட்டுகளில் தொடங்கி நடுவை நோக்கி வாருங்கள். கால் சுற்று தளர்த்துங்கள், சற்று முடுக்குங்கள், மறுபடி தளர்த்துங்கள். ரப்பர் போல இழுபட்டுக்கொண்டே திரும்பினால் நிறுத்துங்கள்: நட்டு திரும்பவில்லை, ஸ்டட்டு முறுகுகிறது.

முறிந்த ஸ்டட்டு

என் வண்டியில் கடைசி சிலிண்டரின் கீழ் ஸ்டட்டு, ஹெட்டின் முகத்தோடு மட்டமாக முறிந்தது. பின்பக்கம் ஃபயர்வால், கீழே சேஸிஸ். டிரில் மெஷின் நேராக நுழைய வழியே இல்லை. முதலில் எல்லோரும் சொல்வது ஸ்குரூ எக்ஸ்ட்ராக்டர். என் கருத்து: வேண்டவே வேண்டாம். அது கடினப்படுத்திய எஃகு. உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் பிட் அதைக் கீறக்கூட முடியாது; ஹெட்டையே இறக்க வேண்டி வரும்.

வேலைக்கு ஆனது வெல்டிங். முறிந்த முகத்தை வயர் பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்து, அதன்மேல் ஒரு வாஷரை வைத்து, துளையின் நடுவில் மிக் வெல்டால் ஸ்டட்டோடு சேர்க்க வேண்டும். பிறகு வாஷரின்மேல் ஒரு நட்டை வைத்து அதையும் உள்பக்கமாக வெல்ட் செய்ய வேண்டும். ஹெட் அலுமினியமாக இருந்தால் இரும்பு வெல்ட் அதில் ஒட்டாது. வார்ப்பிரும்பாக இருந்தால் விளிம்பைத் தொடாமல் நடுவில் மட்டும் புள்ளி வையுங்கள். பேட்டரியோடு ஆல்டர்னேட்டர், ஈசியூ (எஞ்சினின் கணினி) இணைப்புகளையும் கழற்றி வைப்பது நல்லது.

சிவப்பு தணிந்ததும் நட்டின் ஓரத்தில் மெழுகைத் தொட்டால் உருகி மரைக்குள் இறங்கும். அதன்பின் ஸ்பேனரை மாட்டி, முடுக்கும் திசையில் ஒரு மயிரிழை, தளர்த்தும் திசையில் ஒரு மயிரிழை என்று ஆட்டுங்கள். மெல்லிய முனகலோடு ஸ்டட்டு அசையும். அதோடு மகிழ்ந்து ஒரேயடியாகத் திருப்பிவிடாதீர்கள். முழுதாக வெளிவரும்வரை அதே ஆட்டம்தான். முதல் நட்டு வெல்டோடு பிய்ந்து கையில் வருவது சகஜம். அடுத்த நட்டை வையுங்கள். ஒவ்வொரு முறையும் வெல்டின் சூடே துருவை இன்னும் கொஞ்சம் உடைக்கிறது.

அதற்கும் மசியாவிட்டால் இடதுசுற்று டிரில் பிட். பக்கத்து ஸ்டட்டுகளில் ஒரு இரும்புப் பட்டையை மாட்டி, அதில் பொருத்திய புஷ் (பிட்டை நேராக வழிநடத்தும் குழல்) வழியாகத்தான் துளையிட வேண்டும்; கையால் குறிபார்த்தால் பிட் மென்மையான அலுமினியத்துக்குள் சறுக்கும். எம்8 (8 மி.மீ. விட்டமுள்ள) ஸ்டட்டு என்றால் 6.5 மி.மீ. பிட்டோடு நிறுத்துங்கள், அதற்கு மேல் போனால் ஹெட்டின் மரை போய்விடும்.

முகம் பார்த்தல்

கழற்றிய மேனிஃபோல்டின் எல்லா போர்ட் முகங்களின் மேலும் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். எவ்வளவு வளைவு வரை பொறுக்கலாம் என்பது உங்கள் எஞ்சினின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். அதைத் தாண்டியிருந்தால் மெஷின் ஷாப்பில் எல்லா முகங்களையும் ஒரே தளமாகச் சீவச் சொல்லுங்கள். புதிய மேனிஃபோல்டையும் இப்படிப் பார்க்காமல் மாட்டாதீர்கள். போர்ட்டுகளுக்கு நடுவிலும் டர்போ ஃபிளாஞ்ச் அருகிலும் விரிசல் இருக்கிறதா என்று டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) அடித்துப் பாருங்கள். விரிசல் விட்ட வார்ப்பிரும்பை வெல்ட் செய்து மாட்டலாம்தான்; டர்போவின் எடையைத் தாங்கும் இடத்தில் நான் செய்ய மாட்டேன்.

ஹெட்டின் முகத்தைக் கையால் சுரண்டுங்கள். சுழலும் அரத்தாள் சக்கரம் உதிர்க்கும் துகள் போர்ட் வழியாக உள்ளே போகும்.

மாட்டுதல்

ஸ்டட்டுகளும் நட்டுகளும் எல்லாமே புதிது. சாதாரண ஸ்டெயின்லெஸ் வேண்டாம். சூட்டில் மரை கடித்துக்கொள்ளும். அசல் ஸ்டட்டும் செம்பு பூசிய லாக் நட்டும் போதும். மரையில் அதிவெப்ப ஆன்டி-சீஸ் (மரை இறுகிப்போகாமல் தடுக்கும் பசை) மெல்லியதாகத் தடவுங்கள். தடவிய மரையில் உராய்வு குறைவதால் அதே டார்க்கில் இழுவிசை கூடும், ஆகவே கையேட்டின் அளவு உலர் மரைக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டட்டை ஹெட்டுக்குள் விரலால் முடுக்கினால் போதும். கேஸ்கெட்டில் சிலிகான் எதுவும் பூசாதீர்கள். நடுவில் தொடங்கி ஓரங்களை நோக்கி, இரண்டு மூன்று சுற்றாக, டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

டர்போவின் எண்ணெய் வாயில் சுத்தமான எஞ்சின் ஆயிலை ஊற்றிவிட்டு, டீசல் போகாதபடி தடுத்து, ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை கிராங்க் செய்யுங்கள். பிறகு ஸ்டார்ட்.

மேம்படுத்த வேண்டுமா?

மேனிஃபோல்ட் கையில் இருக்கும்போதே டர்போவுக்கு முன்னால் துளையிட்டு, மரை வெட்டி, புகையின் வெப்பத்தை அளக்கும் ஒரு கே-டைப் தெர்மோகப்பிளை வைத்துவிடுங்கள். செலவுக்கு ஏற்ற பலன் இதைப்போல வேறெதிலும் இல்லை. இழுவையோடு நீண்ட மேடு ஏறும்போது 700 டிகிரியைத் தொட்டால் கியரைக் குறைக்கவோ வேகத்தைத் தணிக்கவோ உங்களுக்கே தெரியும். அடுத்தது, டர்போவுக்குப் பின்னால் வரும் டவுன்பைப்பை அகலமாக்குவது. மேனிஃபோல்டை மாற்றுவது கடைசி. மாற்றினாலும் தடித்த வார்ப்பிரும்பையே எடுங்கள். குழாய் வளைத்து வெல்ட் செய்தவை பார்க்க அழகு. பாதையில்லாத இடத்துக் குலுக்கலில் டர்போவைத் தாங்கி நின்று வெல்டில் விரிசல் விடும்.

பின்சேர்க்கை: படித்துவிட்டுப் பலர் வெப்ப நாடா சுற்றலாமா என்று கேட்டிருக்கிறார்கள். வார்ப்பிரும்பில் வேண்டாம், சேற்றிலும் தண்ணீரிலும் இறங்கும் வண்டியில் நாடா ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவை வளர்க்கும். செராமிக் பூச்சு பரவாயில்லை.

இன்னொன்று: எல்லாம் சரியாகச் செய்தும் சில மாதங்களில் மீண்டும் கசிகிறது என்று ஒருவர் எழுதினார். எஞ்சின் மவுன்ட்டையும் டவுன்பைப்பின் நெளியும் இணைப்பையும் பார்க்கச் சொன்னேன். இணைப்பு இறுகிப்போய், எஞ்சின் ஆடும்போதெல்லாம் முழு எக்ஸாஸ்ட்டின் எடையும் டர்போ வழியாக மேனிஃபோல்டை இழுத்திருக்கிறது. ஸ்டட்டு மாற்றுகிறவர்கள் அந்த இரண்டையும் அதே நாளில் கையால் ஆட்டிப் பார்த்துவிடுங்கள்.