அனிமேஷன் ஸ்டூடியோவுக்கு விண்ணப்பிக்க ஓவியப் போர்ட்ஃபோலியோ தயாரிக்கும் முறை

அனிமேஷன் ஸ்டூடியோவுக்கு முதன்முறை விண்ணப்பிப்பவர்கள், கல்லூரியில் வரைந்து குவித்த எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடுக்கி அனுப்பிவிடுகிறார்கள். நானும் அப்படிச் செய்தவன்தான். என் முதல் போர்ட்ஃபோலியோவில் இருந்த 40 படங்களில் பாதிக்கு மேல், புகைப்படத்தின்மீது கட்டம் போட்டு வரைந்த நடிகர் முகங்கள். அவற்றை வேகமாகத் தள்ளிக்கொண்டே போன தேர்வாளர், கடைசிப் பக்கத்தில் ஒப்புக்குச் சேர்த்திருந்த பேருந்து நிலையக் கோட்டோவியங்களில் நின்று, இதுபோல் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். என்னிடம் இல்லை.

ஆகவே, எந்தப் பணிக்கு விண்ணப்பிக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். கதாபாத்திர வடிவமைப்புக்கு என்றால், ஒரே பாத்திரத்தை முன், முக்கால் (சற்றே திரும்பிய), பக்கவாட்டு, பின் தோற்றங்களில் உயர விகிதம் பிசகாமல் வரைந்து காட்டுவது அவசியம். ஏனெனில், அந்த ஒரு தாளைப் பார்த்துத்தான் பல அனிமேட்டர்கள் வரையப்போகிறார்கள். கதையைக் காட்சி காட்சியாக வரைந்து காட்டும் ஸ்டோரிபோர்டுக்கு மெருகு முக்கியமன்று, வசனமே இல்லாமல் காட்சி புரிந்தால் போதும். அனிமேட்டர் பணிக்கு நிலைப்படங்கள் உதவா. சிறந்த அசைவை முதலில் வைத்து, ஒரு நிமிடத்துக்கு மிகாத ஷோரீல், அதாவது உங்கள் அசைவுகளின் தொகுப்புக் காணொளி, தயாரிக்க வேண்டும்.

பின்னணி ஓவியத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நன்றாக வரையத் தெரிந்தவர்களே இதில் சறுக்குகிறார்கள். உங்கள் தெருமுனைத் தேநீர்க்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு, சாம்பல், வெள்ளை ஆகிய மூன்றே தொனிகளில், தீப்பெட்டி அளவில் ஆறு சிறு வரைவுகள் போட்டு, அவற்றில் ஒன்றைத் தேர்ந்து, தொலைவு செல்லச் செல்லக் குவியும் தொலைநோக்குக் (பெர்ஸ்பெக்டிவ்) கோடுகளுடன் விரித்து வரையுங்கள். பிறகு அதே கடையை, குழல்விளக்கும் பாய்லர் ஆவியுமாக விடிகாலையில் ஒருமுறையும், மழை பெய்யும் மாலையில் ஒருமுறையும் வண்ணம் தீட்டுங்கள். பெஞ்சுக்கு முன்னால் பாத்திரம் நின்று பேச இடம் வேண்டும். அவ்விடத்தில் பாட்டில்களையும் விளம்பரத் தட்டிகளையும் நெருக்கிவிட்டால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பின்னணியாகப் பயன்படாது. சிறு வரைவுகளையும் இறுதிப் படத்துக்கு அருகிலேயே வையுங்கள், தேர்வாளர் உங்கள் யோசனை சென்ற வழியை அவற்றில்தான் பார்க்கிறார்.

என் கணக்கில் 12 முதல் 15 படங்கள் போதும். ஐயத்துக்குரிய படம் ஒன்று இருந்தால் தயங்காமல் எடுத்துவிடுங்கள். பலவீனமான அந்தப் படத்தை வைத்தே உங்களை மதிப்பிடுவார்கள். இரண்டு நிமிடத்துக்குள் போட்ட மனித உருவக் கோட்டோவியங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம். குழுவாகச் செய்த பணியில் உங்கள் பங்கு எது என்பதைப் படத்தின் கீழேயே எழுதுங்கள். ரகசிய ஒப்பந்தத்தின் கீழ் செய்த, இன்னும் வெளிவராத படைப்பின் ஓவியங்களை அனுமதியின்றிச் சேர்க்கக் கூடாது. இன்று அதைக் காட்டுபவர் நாளை தங்கள் ரகசியத்தையும் காட்டுவார் என்றே ஸ்டூடியோ எண்ணும்.

தாளில் வரைந்தவற்றை ஃபிளாஷ் இல்லாமல், நேர் வெயில் படாத நிழல் வெளிச்சத்தில், கேமராவைத் தாளுக்கு இணையாகப் பிடித்துப் படமெடுங்கள். ஜிமெயிலில் 25 எம்பி வரைதான் இணைக்க முடியும் என்றாலும், பிடிஎஃப் கோப்பை 10 எம்பிக்குள் முடிப்பது நல்லது. பெயரும் விண்ணப்பிக்கும் பணியும் முதல் பக்கத்திலும் கோப்பின் பெயரிலும் இருக்கட்டும். படைப்புகளைப் பதிவேற்றிக் காட்டும் ஆர்ட்ஸ்டேஷன் அல்லது பிஹான்ஸ் தளத்தின் இணைப்பைத் தருவதாக இருந்தால், அனுப்புவதற்கு முன் நண்பர் ஒருவரின் கைபேசியில் அதைத் திறந்து, கடவுச்சொல் கேட்காமல் படங்கள் வருகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.