லூயிஸ் கரோலை எடைபோடும்போது எங்கே சறுக்குகிறோம்?

என் மகளுக்கு லூயிஸ் கரோலின் 'ஆலிஸின் அற்புத உலகம்' கதையை வாசித்துக்கொண்டிருந்தபோது உறவினர் ஒருவர் குறுக்கிட்டார். "அதை எழுதின ஆளைப் பத்தித் தெரியுமா? அவர் கதையையா பிள்ளைக்குச் சொல்றே?" அவர் கையில் இருந்தது ஒரு புகைப்படமும், கரோல் சிறுமிகளைத் தவறான எண்ணத்தோடு அணுகினார் என்ற வதந்தியும்தான். எனக்கும் அன்றைக்கு அதற்கு மேல் தெரியாது. தேடிப் படித்த பிறகு, கரோலைத் திட்டுகிறவர்களும் காப்பாற்றுகிறவர்களும் ஏறக்குறைய ஒரே தவறுகளைத்தான் செய்கிறார்கள் என்று தோன்றியது.

முதலில், கிழிந்த பக்கத்தை வாக்குமூலமாக வாசிப்பது. கரோலின் இயற்பெயர் சார்லஸ் டாட்ஜ்சன், ஆக்ஸ்ஃபோர்டு கிறிஸ்ட் சர்ச் கல்லூரியில் கணித ஆசிரியர். அவருடைய 13 நாட்குறிப்புத் தொகுதிகளில் 4 காணவில்லை. 1863 ஜூன் இறுதியில் ஒரு பக்கம் வெட்டப்பட்டிருக்கிறது. அதை ஒட்டித்தான், கதையின் ஆலிஸுக்குப் பெயர் தந்த சிறுமி ஆலிஸின் குடும்பமான லிடெல் குடும்பத்தோடு அவருக்கு இருந்த நெருக்கமும் சில மாதங்கள் அறுந்துபோனது. அவ்வளவுதான் தெரியும். ஆனால் அந்த இடைவெளியில், 11 வயது ஆலிஸைப் பெண் கேட்டார் என்ற கதையை நட்டுவைத்துப் பல வருடங்கள் தண்ணீர் ஊற்றி வளர்த்தார்கள். 1996-இல் கரோலைன் லீச் என்ற ஆய்வாளர் குடும்ப ஆவணங்களிலிருந்து ஒரு சிறு துண்டுக் காகிதத்தைக் கண்டெடுத்தார். வெட்டப்பட்ட பக்கத்தின் சுருக்கம் என்று கருதப்படும் குறிப்பு அது. பிள்ளைகளைச் சாக்காக வைத்து கரோல் லிடெல் வீட்டின் ஆசிரியையை நாடி வருவதாகவும், 'ஐனா' மீது கண் வைத்திருப்பதாகவும் ஊரில் பேச்சு இருப்பதைத் திருமதி லிடெல் அவரிடம் சொன்னதாக அதில் இருக்கிறது. ஐனா என்பது ஆலிஸின் 14 வயது அக்கா லொரினாவாக இருக்கலாம். தாயின் பெயரும் லொரினாதான். இந்தக் காகிதம் அவரை விடுவிக்கவும் இல்லை, குற்றவாளியாக்கவும் இல்லை. ஊர்ப்பேச்சு ஒன்று இருந்தது என்று மட்டும் சொல்கிறது. இதையும் தீர்ப்பாகத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் இரண்டு பக்கமும் உண்டு.

அப்புறம், "அந்தக் காலம் அப்படி" என்று கைகழுவுவது. இதுதான் எனக்கு அதிகம் உறுத்தும் தவறு. பாலுறவுக்கான சம்மத வயது இங்கிலாந்தில் 1875 வரை 12 என்று சிலர் எடுத்துக்காட்டுவார்கள். சட்டம் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தக் கால ஆங்கிலப் பெண்களின் சராசரித் திருமண வயது 25-ஐ ஒட்டியது. அதே சமூகம்தான் 1875-இல் அந்த வயதை 13 ஆகவும், 1885-இல் பெரும் கொதிப்புக்குப் பிறகு 16 ஆகவும் உயர்த்தியது. ஆக, அந்தக் காலத்துக்கும் ஒரு மனசாட்சி இருந்தது.

புகைப்படங்களைப் பற்றிய பேச்சிலும் இதே கதைதான். 1856 முதல் 1880 வரை அவர் சுமார் 3,000 படங்கள் எடுத்தார். கிடைப்பவை ஏறக்குறைய 1,000. கவிஞர் டென்னிசன், ஓவியர் ரோசெட்டி, நடிகை எலன் டெர்ரி எல்லாரும் அவற்றில் உண்டு. குழந்தைகளின் படங்களே பாதிக்கு மேல். அவற்றில் ஒரு சில ஆடையில்லாதவை. குழந்தையின் உடலைக் களங்கமின்மையின் அடையாளமாகப் பார்த்த காலம் அது. அதே காலத்துப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரனும் அப்படிப் படமெடுத்தவர். கரோல் பெற்றோரிடம் அனுமதி கேட்டுத்தான் எடுத்தார் என்பதும் பதிவில் உள்ளது. சரி, இதோடு நிறுத்திவிட்டால் ஒரு தாயை மறந்துவிடுகிறோம். 1879-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு குடும்பத்திடம் இதே அனுமதியை அவர் கேட்டபோது, மூத்த பெண்களை அப்படி எடுக்க அந்தத் தாய் ஒப்புக்கொள்ளவில்லை. கரோல் மனம் புண்பட்டு எழுதினார், உறவு முறிந்தது. அந்தத் தாய் நம் நூற்றாண்டின் அளவுகோலை வைத்திருக்கவில்லை. தன் காலத்திலேயே நின்றுகொண்டுதான் "வேண்டாம்" என்றார். கரோலை அளக்க நம் அளவுகோல் பொருந்தாது என்று சொல்பவர்கள், முதலில் அந்தத் தாயின் அளவுகோலை எடுத்துப் பார்க்கட்டும்.

'குழந்தைத் தோழிகள்' என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அவர் அப்படி அழைத்தவர்களில் இருபது வயதைத் தாண்டிய பெண்களும் இருந்தார்கள். அவர் இறந்த 1898-லேயே சகோதரி மகன் காலிங்வுட் எழுதிய வாழ்க்கை வரலாறு குழந்தைகளோடான நட்பைத்தான் பெரிதாகக் காட்டியது. கரோலைப் போல மணமாகாத ஒரு திருச்சபை ஊழியர் வளர்ந்த பெண்களோடு பழகினார் என்பதுதான் அன்றைக்கு அவதூறுக்கு இடமாகும். குழந்தைகள் என்றால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள் என்பது லீச்சின் வாதம். குடும்பம் கௌரவத்துக்காக முன்னால் நிறுத்திய அதே பிம்பம்தான் இன்று சந்தேகமாகத் திரும்பி வந்திருக்கிறது என்றால், அதை நினைத்து எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அவரோடு பழகிய சிறுமிகளில் பலர் பெரியவர்களான பின் அன்போடுதான் நினைவுகூர்ந்தார்கள். இது முக்கியமான சான்று. ஆனால் குற்றமே இல்லை என்பதற்கு இது ஆதாரம் ஆகாது. அந்தக் காலத்துப் பெண்கள் எதையெல்லாம் எழுத முடியும் என்பதற்கு எல்லை இருந்தது. இரண்டையும் ஒருசேர மனதில் வைப்பது கடினம். கடினம் என்பதற்காக ஒன்றை விட்டுவிட முடியாது.

கதையில் வரும் சாவியையும் கதவையும் முயல் வளையையும் தோண்டி ஆசிரியரின் நோயைக் கண்டுபிடிக்கும் பழக்கம் 1930-களிலிருந்து உண்டு. அதில் நேரம் செலவிட வேண்டாம்.

கடைசியாக, இந்த வாதம் முழுக்க ஆலிஸ் ஒரு புகைப்படத்துச் சிறுமியாகவே உறைந்து நிற்கிறார். 1862 ஜூலை 4 அன்று படகில் கேட்ட கதையை எழுதித் தரச் சொல்லி விடாமல் கேட்டவர் அவர்தான். அந்தப் படகில் டக்வொர்த் என்ற இன்னொரு பெரியவரும் இருந்தார். ஆலிஸ் 1880-இல் ரெஜினால்ட் ஹார்கிரீவ்ஸை மணந்தார். மூன்று மகன்களில் இருவரை முதல் உலகப் போரில் இழந்தார். கணவரும் போன பிறகு, 1928-இல், கரோல் தன் கையால் எழுதிக் கொடுத்த பிரதியை 15,400 பவுண்டுக்கு விற்றார். 1932-இல், 80 வயதில், கரோலின் நூற்றாண்டு விழாவுக்காகக் கப்பலேறி நியூயார்க் போனார்.