டோல்கீனை எங்கிருந்து தொடங்குவது?

மிகுபுனைவில் ஆர்வம் இருந்தும், ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை வாங்கி வைத்துவிட்டு முதல் நூறு பக்கங்களைத் தாண்டாதவர்கள், முதலில் 1937-இல் வெளிவந்த 'தி ஹாபிட்' நாவலைப் படித்துவிடுவது நல்லது. சிறுவர்களுக்காக எழுதப்பட்ட அந்தக் கதையில்தான், ஹாபிட் என்னும் குள்ளமான கற்பனை இனத்தைச் சேர்ந்த பில்போவின் கைக்கு, பெருநாவலின் மையமான மோதிரம் வந்து சேர்கிறது.

1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த பெருநாவலைக் கையில் எடுக்கும்போது, ஹாபிட்களின் பழக்கவழக்கங்களையும் அவர்களுடைய புகையிலையையும் விவரிக்கும் முன்னுரையைத் தயங்காமல் தாண்டி, பில்போவின் 111-ஆவது பிறந்தநாள் விருந்திலிருந்து தொடங்குங்கள். வரைபடம் உள்ள பக்கத்தில் ஓர் அட்டையைச் செருகி வைத்து, பயணம் திசை மாறும்போதெல்லாம் திருப்பிப் பாருங்கள். ஸ்ட்ரைடரும் அரகோர்னும் ஒருவரே என்பதுபோல, ஆட்களுக்கும் இடங்களுக்கும் பல பெயர்கள் வருவதால், அவற்றைப் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொள்வது பின்னால் பெரிதும் கைகொடுக்கும். எல்ரான்டின் ஆலோசனைச் சபை நடைபெறும் நீண்ட அத்தியாயம் சலிப்பூட்டலாம் என்றாலும், மோதிரத்தை அழிக்கும் பொறுப்பைப் பில்போவின் வாரிசான ஃபுரோடோ ஏற்பது அங்கேதான் என்பதால், அதை ஒரே மூச்சில் படித்துவிட வேண்டும். பாடல்களை முதல் வாசிப்பில் விட்டுவிடலாம். தீவிர ரசிகர்கள் இதற்காக என்னுடன் சண்டைக்கு வரக்கூடும்.

கதை முடிந்தபின், பின்னிணைப்பில் உள்ள அரகோர்ன், ஆர்வென் காதல் கதையை அவசியம் படியுங்கள். ஆசிரியரின் மறைவுக்குப் பிறகு அவருடைய மகன் தொகுத்து 1977-இல் வெளியிட்ட 'தி சில்மரில்லியன்' அதற்கும் பிறகுதான்.