மருந்து கண்டுபிடிப்பில் ஏஐ: குறுகிய காலப் படிப்பில் சேரும் முன் மூன்று மாத்திரைகளைப் படியுங்கள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் பி.பார்ம், பயோடெக் படிக்கிறவர்கள் ஏஐ மருந்து ஆராய்ச்சி என்று பல்கலைக்கழகங்கள் நடத்தும் சின்னப் படிப்புகளில் சேர ஆசைப்படுகிறீர்கள். தாராளமாகச் சேருங்கள். ஆனால் வெறுங்கையோடு போகாமல், ஒரு நோயை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். நம் ஊருக்குத் தொழுநோய்தான் சரி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார், பக்கத்திலேயே கரிகிரி தொழுநோய் மருத்துவமனையும் இருக்கிறது.

இந்த நோய்க்கான கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. அதில் மூன்று மருந்துகள்: ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின். வேதிப்பொருள்களின் விவரம் இலவசமாகக் கிடைக்கும் பப்கெம் தளத்தில் மூன்றையும் தேடி, ஸ்மைல்ஸ் வரியை எடுத்து வையுங்கள். மூலக்கூறை ஒரே வரியில் எழுதும் முறைதான் ஸ்மைல்ஸ். எத்தனால் என்றால் சி சி ஓ, அவ்வளவுதான். அப்புறம் இணையத்திலேயே நிரல் ஓட்டும் கூகுள் கோலாபில், மூலக்கூறுகளை அலசும் ஆர்டிகிட் மென்பொருளை நிறுவி (லேப்டாப் பழசானாலும் ஓடும்) மூலக்கூறு எடையும் லாக்பியும் (தண்ணீரைவிடக் கொழுப்பில் எவ்வளவு அதிகம் கரையும் என்ற அளவு) கணக்கிடுங்கள்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. 1997இல் வந்த லிபின்ஸ்கி விதிப்படி எடை 500க்கு மேலும் லாக்பி 5க்கு மேலும் போனால், வாய்வழி கொடுக்கும் மருந்து உடலில் சரியாகச் சேராமல் போக வாய்ப்பு அதிகம். டாப்சோன் 248, சுலபமாகத் தேறிவிடும். குளோஃபாசிமின் எடையில் தப்பித்து லாக்பியில் மாட்டும். ரிஃபாம்பிசின் எடையோ ஏறத்தாழ 823, ஆனாலும் தொழுநோய்க்கும் காசநோய்க்கும் மக்கள் விழுங்கிக் குணமாகிற மருந்து அது! விதியை அப்படியே வடிகட்டியாகப் போட்டிருந்தால் முதல் சுற்றிலேயே வெளியே போயிருக்கும். ஆன்டிபயாடிக்குகள் பல இதற்கு விலக்கு என்று லிபின்ஸ்கியே சொல்லியிருக்கிறார். வகுப்பில் யாராவது வடிகட்டி போடும்போது, எது வெளியே போகிறது என்று கேளுங்கள்.

அடுத்தது தரவு. தொழுநோய்க் கிருமியைச் சோதனைக்கூட ஊடகத்தில் வளர்க்க முடியாது, அதனால் அதன் மேல் சோதித்த மூலக்கூறுகள் மிகக் குறைவு. புராஜெக்ட்டுக்கு அதன் உறவுக்காரக் கிருமியான காசநோய்க் கிருமியின் தரவை மூலக்கூறுகளைச் சோதித்த முடிவுகளைத் திரட்டி வைத்திருக்கும் கெம்பில் தளத்திலிருந்து எடுங்கள். எடுத்ததும், எந்த மூலக்கூறு கிருமியைத் தடுக்கும் என்று கணிக்கும் ஏஐ மாடலை ஓட்டாதீர்கள். ஒரே மூலக்கூறு இரண்டு முறை வந்திருக்கிறதா, செறிவின் அலகு நானோமோலாரா மைக்ரோமோலாரா, வேறு வேறு ஆய்வகங்கள் வேறு வேறு முறையில் அளந்ததை ஒன்றாகக் கொட்டியிருக்கிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். படிப்பின் பாதி நேரம் இதற்கே போனாலும் எனக்கு அது நஷ்டமில்லை. 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. குழு ஏஐ மூலம் ஹாலிசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கண்டுபிடித்தபோது மாடலுக்குக் கற்றுக்கொடுத்தது சுமார் 2,300 மூலக்கூறுகள்தான், ஆனால் எல்லாமே ஒரே பாக்டீரியா மேல் சோதித்தவை.

மாடல் 95 சதவீதம் சரி என்று காட்டினால் சந்தேகப்படுங்கள். தரவைக் கண்மூடித்தனமாகப் பிரித்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் மூலக்கூறுகள் பயிற்சியிலும் தேர்விலும் வந்து உட்காரும், மாடல் மனப்பாடமாக ஒப்பிக்கும். ஸ்காஃபோல்டு (மூலக்கூறின் அடிப்படைக் கூடு) வாரியாகப் பிரித்து மறுபடி ஓட்டுங்கள், மதிப்பெண் பெரும்பாலும் இறங்கும். அறிக்கையில் இரண்டு எண்ணையும் போடுங்கள்.

ஆல்ஃபாஃபோல்டு என்ற ஏஐ கணித்த புரத வடிவங்களை டாக்கிங்குக்கு (மருந்து புரதத்தில் எப்படி ஒட்டும் என்று கணினியில் பார்ப்பதற்கு) எடுத்தால், மருந்து ஒட்டும் இடத்தில் பிஎல்டிடிடி (கணிப்பை எவ்வளவு நம்பலாம் என்ற மதிப்பெண்) 70க்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வடிவத்தை விட்டுவிட்டு, சோதனையில் கண்டறிந்த வடிவம் புரத வடிவங்களின் தரவுத்தளமான பிடிபியில் கிடைக்கிறதா என்று தேடுங்கள்.