தண்டில் கறையா? முதலில் அது என்ன மரம் என்று பாருங்கள்

பட்டை உரிகிறது, தண்டில் ஏதோ வெள்ளையாகத் தெரிகிறது என்றதும் மருந்து தேடிப் போகாதீர்கள். ஒரு மரத்துக்கு நோயாக இருப்பது இன்னொன்றுக்கு இயல்பு. நீர்மருதின் பட்டை வழவழப்பாக, வெளிர் சாம்பலாக இருக்கும், பெரிய தகடுகளாகத் தானே உரிந்து விழும், அதற்கு ஒன்றுமில்லை. அதே குடும்பத்துக் கருமருதின் பட்டை முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருக்கும், அதுவும் நலம்தான். வேங்கையில் வெட்டுப்பட்ட இடத்தில் சிவப்பாகப் பிசின் வடியும். ஆனால் வேம்பில் பட்டை பாளமாகக் கழன்று உள்ளே காய்ந்த மரம் தெரிந்தால் உடனே கவனிக்க வேண்டும்.

பட்டையை மட்டும் வைத்துப் பெயரை முடிவு செய்யாதீர்கள், இளமரத்தின் பட்டை ஒரு மாதிரி, முதிர்ந்ததன் பட்டை வேறு மாதிரி. இலையையும் காயையும் சேர்த்துப் பாருங்கள். நீர்மருதுக் காயில் ஐந்து இறக்கைகள் இருக்கும். வேப்பிலையில் ஒரே ஈர்க்கின் இரு பக்கமும் சிற்றிலைகள், மலைவேம்பில் அந்த ஈர்க்கே மறுபடி கிளைக்கும். அரசிலையின் நுனி வாலாக நீளும், பூவரசில் அப்படி இருக்காது.

சரி, இப்போது தண்டுக்கு வருவோம். வட்ட வட்டமாகச் சாம்பல் பச்சையில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் மரப்பாசி, மேலே மட்டும் படர்வது, சுரண்டவே வேண்டாம். கறையான் மண் பூசியிருந்தால் பயந்துவிடாமல் துடைப்பத்தால் தள்ளிவிட்டு அடியில் பாருங்கள், பல நேரம் அது செத்த மேல்பட்டையைத்தான் தின்றிருக்கும். கவனிக்க வேண்டியது கிளை பிரியும் கவட்டில் மரத்தூளும் எச்சமும் நூலாம்படையும் சேர்ந்து நாடாவாக ஓடுவதை, அது பட்டை தின்னும் புழுவின் வேலை. பகலில் பக்கத்துத் துளைக்குள் ஒளிந்திருக்கும், இரவில் வெளியே வந்து பட்டையைத் தின்னும். நாடாவைச் சுரண்டி எடுத்துவிட்டு மெல்லிய கம்பியைத் துளைக்குள் விட்டுக் குத்துங்கள், சில நாள் கழித்துப் புதுத் தூள் தெரிகிறதா என்று மறுபடி பாருங்கள்.

மேற்குப் பக்கம் மட்டும் நெடுக வெடித்திருந்தால் வெயில் சுட்டிருக்கலாம். விளம்பரப் பலகைக்குக் கட்டிய கம்பி பட்டைக்குள் புதைந்திருந்தால், தயவுசெய்து இன்றைக்கே அறுத்துவிடுங்கள், இலையில் செய்த உணவு வேருக்கு இறங்குவது அந்தப் பட்டை வழியாகத்தான்.

அப்புறம், அடித்தண்டில் தட்டுத் தட்டாகக் காளான். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உள்ளே மரம் மக்கிக்கொண்டிருக்கலாம். மரச் சுத்தியலால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள், பொள்ளென்று சத்தம் கேட்டால் பருவக்காற்றுக்கு முன்பே விவரம் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அதுவரை அடியில் வண்டி நிறுத்தவோ பிள்ளைகள் விளையாடவோ விடாதீர்கள்.